மேல் லயத்து ஆஸ்பத்திரி

ஃபேக்டரியில் தேயிலைத் தூள் சலித்து ஓய்ந்த சகாயம் என்றால் எங்கள் எஸ்டேட்டில் எல்லாருக்கும் தெரியும். முகத்தைப் பார்த்தல்ல, இருமலைக் கேட்டு. நான் வந்து சேருவதற்குள் என் இருமல் வந்துவிடும். அப்படிப்பட்ட என்னைத்தான் ஆஸ்பத்திரிக் கமிட்டிக்குத் தலைவராகப் போட்டார்கள். திருடன் கையில் சாவியைக் கொடுத்த மாதிரி.

ஃபேக்டரித் தூசியும் பாய்லர் புகையும் எங்கள் ஜனங்களின் மூச்சைத் தின்றிருந்தன. இளைப்புக்காரர்களுக்கென்றே சின்னதாக ஓர் ஆஸ்பத்திரி கட்டித்தர ஒரு தொண்டு நிறுவனம் முன்வந்தது. இடம் இரண்டு இருந்தது. ஒன்று கீழ் லயத்து வரிசை வீடுகளை ஒட்டி, ரோட்டோரம். இன்னொன்று படியேறிப் போகவேண்டிய மேல் லயத்தில். என் வீடும் அங்கேதான்.

"மேலதாம்மா நல்ல காத்து. புகை அண்டாது" என்று அந்த நிறுவனத்து இஞ்சினியர் பிரியாவிடம் அடித்துச் சொன்னேன். பொய்யில்லை, காற்று நல்ல காற்றுதான். என் வாசலுக்கு எதிரே டாக்டர் உட்காருவார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

பிரியா நியாயமான பெண். "எல்லாரும் இடத்தைப் பாத்துட்டு முடிவு பண்ணட்டுங்க ஐயா" என்று கூட்டத்தை மேல் லயத்திலேயே வைத்தாள். வந்தவர்கள் அத்தனை பேரும் கை தூக்கினார்கள். ஓர் எதிர்ப்புமில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

வெற்றிச் செய்தியை வீரம்மாவிடம் சொல்லப் படியிறங்கினேன். கீழ் லயத்துக்காரி. சலிக்கும் இடத்தில் எனக்கு எதிரே நின்று, நான் விழுங்கிய தூசியையே விழுங்கியவள். போன பனிக்காலத்தில் மூச்சு முட்டி, குன்னூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் செத்துப் பிழைத்தாள். இனி அவளுக்குப் பயமில்லை என்று மனசார நம்பினேன்.

பாதிப் படியில் உட்கார்ந்திருந்தாள். கை நெஞ்சில் இருந்தது. உதடு வெளுத்திருந்தது.

"கூட்டம்... முடிஞ்சிருச்சாண்ணே?"

"முடிஞ்சிருச்சு வீரம்மா."

"நானாச்சும் வரலாம்னு... ஏறுனேன். மத்த இளைப்புக்காரங்க... வாசலோட நின்னுட்டாங்க."

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. ஏற முடிந்தவர்கள் கூடி, ஏற முடியாதவர்களின் ஆஸ்பத்திரிக்கு இடம் குறித்திருக்கிறோம். அதற்குத் தலைமை நான். வெட்கத்தில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஜீப்புக்குப் போக இறங்கி வந்த பிரியா எங்களைக் கண்டு பதறினாள்.

"கீழேயே கட்டுங்கம்மா" என்றேன்.

"கூட்டத்துல மேலன்னு முடிவாயிருச்சுங்களே ஐயா?"

"கை தூக்குனவங்களுக்கெல்லாம் மூச்சு நல்லாருக்கும்மா. நாளைக்குக் கீழ கூட்டம் போடுங்க. நான் வந்து பேசுறேன்."

"அப்ப நீங்க மருந்துக்கு இறங்கி ஏறணுமேங்க?"

அதெல்லாம் ஒரு விஷயமா என்று பெரிய மனுஷனாட்டம் கையை ஆட்டினேன்.

பிரியா வீரம்மாவைக் கைத்தாங்கலாக ஜீப்புக்கு அழைத்துப் போனாள். நான் வீட்டுக்கு ஏறத் தொடங்கினேன். நாலு படிக்கு ஒருமுறை உட்கார்ந்து, வாசலுக்கு வந்த ஆஸ்பத்திரியைக் கீழே அனுப்பிய மடையனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பதில் சொல்ல அவனுக்கு மூச்சில்லை.