ஊரைக் கூட்டும் குரல்

பல்கலைக்கழக மருத்துவமனையில் சீட்டுக் கொடுக்கும் அக்காவுக்கு ஊரைக் கூட்டும் குரல். "வயித்துப்போக்கா? எத்தனை நாளா?" என்று கேட்டால் வரிசை முழுவதும் நோயாளியைத் திரும்பிப் பார்க்கும். குறைகேட்புக் கூட்டத்தில் மாணவர்கள் எல்லாரும் அவரைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. தொண்டையைக் கழற்றியா வைக்க முடியும்?

அப்போது காது கேளாத மாணவி ஒருத்தி எழுதி நீட்டினாள்: "அக்கா மட்டுந்தான் என் முகத்தைப் பார்த்து, வாயை நல்லாத் திறந்து பேசுறாங்க. உதட்டைப் பார்த்தே எனக்குப் புரிஞ்சிடும்."

மறுநாள் அக்கா சத்தத்தை விழுங்கிவிட்டு, எல்லாரிடமும் வாயை மட்டும் அசைத்துக் கேட்டார். முதலில் வந்த பையன் திருதிருவென்று விழித்தான்.

"ஒண்ணும் கேக்கலையேக்கா?"

"என் வாயைப் பாருடா!"

வரிசை முழுவதும் திரும்பி, இந்த முறை அக்காவின் வாயைப் பார்த்தது.