கழுகுக்கண் பொறுக்கிய செல்

எங்கள் ஆய்வகத் தலைவருக்குக் கழுகுக்கண் என்று பட்டப்பெயர். வைத்துக்கொண்டவர் அவரேதான். கர்ப்பிணியின் ரத்தத்தில் கோடிக்கணக்கான செல்களுக்கு நடுவே வயிற்றுக் குழந்தையின் செல் ஒன்றிரண்டு ஓடும். அதைப் பொறுக்கியெடுத்துக் குழந்தைக்கு நோய் உண்டா என்று சொல்வதுதான் எங்கள் பிழைப்பு.

ஒரு செல் சிக்கிவிட்டால் மனிதருக்குக் கால் தரையில் பாவாது. லிஃப்ட் பழுதுபார்க்க வந்தவரைக்கூட இழுத்துவந்து மைக்ராஸ்கோப்பில் காட்டுவார். ரத்தம் கொடுத்தவளை மட்டும் ஏறிட்டும் பார்க்கமாட்டார். முன்னால் பிள்ளை பெற்றவளா என்று கேட்டு வருகிறேன் என்று நான் கிளம்பினால், "ஊர்க்கதை எதுக்கு? ரத்தமே சொல்லும்" என்று உட்காரவைத்துவிடுவார். மேடை கிடைத்தால் மணிக்கணக்கில் பேசுகிற வாய் அது.

அப்படித்தான் ஒருத்தியின் ரத்தம் வந்தது. கணவன், மனைவி இருவரிடமும் பிள்ளைக்கு இறங்கக்கூடிய ஒரு ரத்தநோயின் கூறு இருந்ததால் அவளுக்குப் பிரசவம் பார்க்கும் டாக்டரம்மா அனுப்பியிருந்தார். ஆண் குரோமோசோம் உள்ள செல் ஒன்று அகப்பட்டது. தாயின் செல்லில் அது இருக்காது. ஆகவே வயிற்றில் இருப்பது ஆண், நோயும் உண்டு என்று கழுகுக்கண் கையெழுத்துப் போட்டார். கருவைக் கலைக்க நாளும் குறித்துவிட்டார்கள்.

கலைக்கும் முன் டாக்டரம்மா ஸ்கேன் பார்த்தார். வயிற்றில் இருந்தது பெண். உடனே நிறுத்தி, கர்ப்பநீரை வேறிடத்தில் சோதித்ததில் குழந்தைக்கு நோயே இல்லை. முன்னால் பெற்ற பிள்ளையின் செல் தாயின் ரத்தத்தில் பல வருஷம் தங்கும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். இந்தப் பெரிய மனிதருக்கும் தெரியும். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமாம்.

அவள் நேரில் வந்தாள். இவர் மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்த நான்தான் முட்டாள். தான் பார்த்த செல் ஆண் செல்தான், நோயுள்ள செல்தான், அதில் ஒரு பிசகும் இல்லை என்று சாதித்தார்.

அவள் திட்டவில்லை. "என் பெரியவன் இந்த நோயிலதான் போனான். நீங்க பாத்தது அவனோடதா?" என்றாள்.

ஆமென்று தலையாட்டினார்.

"எனக்கு ஒரு தடவ காட்டுறீங்களா?"

"அத உடைச்சாத்தாம்மா டெஸ்ட் பண்ண முடியும். இப்ப ஒண்ணும் மிச்சமில்ல" என்றார், வகுப்பெடுக்கிற குரலில். எனக்குச் சீ என்றாகிவிட்டது.