வாசற்படிக்கு வெளியே வெந்த ரொட்டி

வாய்மை என்னும் அறத்தை அவைகளில் நின்று புகழ்வது எளிது. உண்ண மாட்டாது மெலிந்து கிடக்கும் ஒருவர்முன், அவர் விரும்பிய உணவையே கையில் ஏந்தி நிற்கும் வேளையில் அதைக் காப்பது அரிது. அரியதாகிய அதனைக் காத்து நின்றவர், பாறசாலைக்கும் தனுவச்சபுரத்துக்கும் இடைப்பட்ட சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த பொன்னுதாஸ்.

சரக்குக் கப்பல்களில் சமையற்காரராக இருந்து ஓய்ந்தவர் அவர். விடுமுறைக்கு ஊர் வரும்போதெல்லாம் மனைவி ஆனந்தபாய்க்குத் தம் கையால் மாவு பிசைந்து ரொட்டி சுட்டுக் கொடுப்பார். அடி கனத்த சருவப் பானையில் மணல் பரப்பி, அதன்மேல் தகரத் தட்டில் மாவை வைத்து மூடி, மூடியின்மேல் தேங்காய்ச் சிரட்டைக் கனல் இட்டுச் சுடும் முறை அது. அக்கம்பக்கத்தார் அதைக் கப்பல் ரொட்டி என்றனர். ஓய்வு பெற்று வந்த சில ஆண்டுகளில் பக்கவாதம் கண்டது. நடையும் பேச்சும் மீண்டன. வலக்கை மட்டும் மீளவில்லை. அது தோளிலிருந்து தொங்கியது. ஒரு துரும்பைக்கூடப் பிடிக்காது. ரொட்டி சுடுவது அத்தோடு நின்றது.

சாராயக் கடைகளை அரசு மூடியதற்கு அடுத்த ஆண்டுக் கோடையில் ஆனந்தபாய் நோயுற்றார். வயிற்றில் கட்டி. மருத்துவர் கூறியதைக் குடும்பத்தார் அவரிடம் கூறவில்லை. அன்பினால்தான் மறைத்தனர். வயிற்றுப் புண் என்றனர். பொன்னுதாசும் அப்போது வாய் திறக்கவில்லை. நகரத்து மருத்துவமனை வாசலில் கார் திரும்பியபோது, புற்றுநோய் மருத்துவமனை என்ற பெயர்ப்பலகையை ஆனந்தபாய் தாமே படித்தறிந்தார். வீடு திரும்பியதும் கணவரை மட்டும் அழைத்து, "இனி நீங்களாவது எங்கிட்ட ஒண்ணும் மறைக்கப்பிடாது" என்றார். அவர் தலையசைத்தார்.

அங்கே ஏற்றிய மருந்தின் கடுமையால் நாக்கு செத்தது. சோற்றின் ஆவி பட்டாலே குமட்டியது. மாத்திரைக் குளிகைகளை விழுங்க இயலாமல் துப்பினார். அக்காளைப் பார்க்க வந்து தங்கியிருந்த தங்கை ராஜபாய், ஒருநாள் குளிகைகளைப் பொடித்துச் சர்க்கரைக் கஞ்சியில் கலந்து கொண்டுவந்தார். ஒரு வாய் உண்டதும் ஆனந்தபாய் நிமிர்ந்தார்.

"இதுல என்னது போட்டே?"

"ஒண்ணுமில்லக்கா. ஏலக்காயாக்கும்."

"ஏலக்காய் கைக்குமா டீ?"

ராஜபாய் அழுதார். கிண்ணம் தரையில் கவிழ்ந்தது. அன்று முதல் ஆனந்தபாய் எவர் கையிலிருந்தும் உணவு வாங்கவில்லை, குளிகையும் வாங்கவில்லை. தம் கண்முன் பிறர் சீவ, கணவர் வாங்கித் தரும் இளநீர், அவர் இடக்கையால் உரித்துத் தரும் ஆரஞ்சுச் சுளை, இவையே ஆகாரமாயின. உடலில் பலம் ஏறாவிட்டால் அடுத்த முறை மருந்து ஏற்ற இயலாது என்று மருத்துவர் கூறிவிட்டார்.

இந்நிலையில் ஒரு காலை, கண்ணை மூடியபடியே ஆனந்தபாய் கூறினார்: "கேட்டியளா... கப்பல்ல இருந்து வரும்ப சுடுவியளே, அந்த ரொட்டி உண்டுமானா ஒரு துண்டு தின்னுவேன் போல தோணுது."

பொன்னுதாஸ் தம் வலக்கையைப் பார்த்தார். வாசலில் நின்ற ராஜபாய் தயங்கித் தயங்கி, "நான் மாவு பிசைஞ்சு தரட்டா அத்தான்?" என்றார். கட்டிலிலிருந்து குரல் வந்தது: "வேண்டாம். அவருக்க கை தொட்டது மட்டும் போரும்."

கடை ரொட்டியைப் பொன்னுதாஸ் முன்பே வாங்கி வந்து பார்த்திருந்தார். அதன் இனிப்பு வாடைக்கே ஆனந்தபாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு கையால் மாவு பிசைய முடியுமா என்று அடுக்களையில் முயன்றார். மாவு விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டு கிண்ணத்தோடு சுழன்றது. பிடித்துக்கொள்ள மறு கை இல்லை. கிண்ணத்தை மார்போடு அணைத்துப் பிடித்தும் பார்த்தார். அப்போதுதான் கப்பல் அடுக்களையின் நினைவு வந்தது. வெப்பக் கடலில் ஈஸ்ட் செத்துப்போன ஒரு பயணத்தில், மூத்த சமையற்காரர் மைதாவோடு பேக்கிங் பவுடரும் சர்க்கரையும் உப்பும் சேர்த்து, ஒரு புட்டி பீரை ஊற்றி அகப்பையால் கலக்கினார். பிசையவில்லை, பொங்கக் காத்திருக்கவும் இல்லை. அப்படியே சூட்டில் வைத்தார். ரொட்டி நிமிர்ந்து எழுந்தது. ஒரு கையும் ஓர் அகப்பையும் போதும்.

ஆனால் பீர்! மதுவகை எதுவும் தம் வாசற்படி தாண்டாது என்று பழைய மிஷன் சபையின் பெண்கள் ஒருங்கே கையுயர்த்திப் பொருத்தனை செய்திருந்தனர். சாராயக் கடைக்கு முன்னால் அவர்கள் பாட்டுப் பாடி நடந்த நாளில் கொடி பிடித்து முன்னே சென்றவர் ஆனந்தபாய். அவர் வீட்டில் ஆப்ப மாவுக்குக்கூடக் கள் ஊற்றுவதில்லை. பொன்னுதாசோ சபைக் கமிட்டியில் இருப்பவர்.

பக்கத்து வீட்டுப் பரமசிவன் பெட்டிக்கடை வைத்திருந்தான். பொன்னுதாஸ் அவனை ஒதுக்கமாக அழைத்துச் செய்தியைச் சொன்னபோது அவன் கண் விரிந்தது.

"எண்ணே, நீங்களா கேக்குது?"

"ரொட்டிக்காக்கும்லே. குடிக்கதுக்கில்ல."

"எல்லாவனும் அப்படித்தான் ஒரு காரணம் சொல்லுவான். சரி, நெய்யாற்றின்கரை சர்க்கார் மதுக்கடையில நானே கியூவில நிக்கியேன். எனக்கு ஒரு பேரும் கெடாது, உள்ளதுதானே கெடணும்!"

மாலைக்குள் அவன் புட்டியோடு வந்தான். அதைத் தம் வீட்டுப்படி ஏற்ற பொன்னுதாசுக்கு மனம் வரவில்லை. பரமசிவன் வீட்டுக் கொல்லையிலேயே சருவத்தை வைத்தார். பரமசிவனின் மனைவி குமாரி சிரட்டை மூட்டிக் கொடுத்தாள். மாவை அவரே அளந்தார். அவரே இடக்கையால் கலந்தார். நுரைத்துக் கொழகொழவென்று நின்ற மாவைத் தட்டில் சரித்து, மூடி, கனல் இட்டார். புட்டியில் பாதிக்குமேல் எஞ்சியிருந்தது.

"பாக்கி என்னலே செய்ய?"

"அது எனக்க கூலியாக்கும்" என்று பரமசிவன் எடுத்துக்கொண்டான். குமாரி அவனை முறைத்த முறைப்பில் அதை அங்கேயே கீழே வைத்தும்விட்டான்.

ரொட்டி வெந்தது. மேற்புறம் வெடித்துச் சிவந்து, புளிப்பும் இனிப்பும் கலந்த மணம் வேலியைக் கடந்து சென்றது. பொன்னுதாஸ் தட்டைத் துணியில் பொதிந்து எடுத்தபோது பரமசிவன் குரலைத் தாழ்த்தினான்.

"எண்ணே, ஒண்ணு சொல்லட்டா? அக்கா கேட்டா சோடா ஊத்தினதுண்ணு சொல்லுங்க. வெந்த ரொட்டியில என்ன போதையிருக்கு? தின்னு பொழைக்கட்டும் பாவம்."

பொன்னுதாஸ் தட்டோடு நடந்தார். அவர் உள்ளமும் அதையே கூறிக்கொண்டிருந்தது. புட்டி வாசற்படி தாண்டவில்லை. தீ தின்றது போக எஞ்சியது ரொட்டிதானே? அவள் கேட்கவும் மாட்டாள். என் கை என்பதால் கேட்க மாட்டாள். இந்த எண்ணம் வந்த இடத்தில் அவர் கால் நின்றது. கேட்க மாட்டாள் என்பதாலேயே கூறாதிருப்பது, கஞ்சியில் பொடியைக் கலந்ததைக் காட்டிலும் கொடிதன்றோ? ராஜபாயிடம் அவள் கேட்கவாவது கேட்டாள்.

உள்ளே சென்றார். என்ன அதிசயம்! பல நாள்களாகப் பிறர் தூக்கி அமர்த்த வேண்டியிருந்த ஆனந்தபாய், மணம் வந்த திக்கை நோக்கித் தாமே எழுந்து சுவரில் சாய்ந்திருந்தார். கண்ணில் ஒளி இருந்தது. கை நீண்டிருந்தது.

"சுட்டுட்டியளா? மணம் அங்க இருந்தே வந்துது. ஒரு துண்டு பிச்சுத் தாங்க."

நீண்ட அந்தக் கையின் எலும்புகளைப் பொன்னுதாஸ் கண்டார். தட்டைக் கட்டிலில் வைத்து ஒரு துண்டைப் பிய்த்தார். வெண்புகை எழுந்தது. அதைக் கையில் வைத்தபடியே கூறினார்.

"பிசைய எனக்குக் கை இல்ல பாய். இது பீர் ஊத்திக் கலக்கினது. பரமசிவனுக்க முற்றத்தில வச்சாக்கும் சுட்டேன். புட்டி இஞ்ச வரல்ல. ஆனா உள்ள இருக்கது அதுதான்."

நீண்ட கை மெல்லத் தாழ்ந்தது. கதவருகே ராஜபாய் தலையில் அடித்துக்கொண்டார். "எதுக்கு அத்தான் சொன்னியோ! ஒரு வாய் உள்ள போயிருக்குமே!"

ஆனந்தபாய் அந்த ரொட்டியை வெகுநேரம் பார்த்தார். "தின்னணும்ணு நாக்கு கிடந்து துடிக்குது" என்றார். "ஆனா, ஊரெல்லாம் விளிச்சு நிறுத்திக் கையைத் தூக்கச் சொன்னவ நான். இதை நான் திங்கப்பிடாது. பரமசிவனுக்குக் குடுங்க, அவனுக்குத்தான் அது சேரும்."

"சரி."

"சொல்லாமெ தந்திருந்தா தின்னிருப்பேன்."

"தெரியும்."

"பொறவு அறிஞ்சா?"

"அதும் தெரியும்."

பொன்னுதாஸ் ரொட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குத் திரும்பினார். மனைவி உண்ணாத உணவைச் சுமந்து நடந்த அந்தச் சிறு தொலைவில் அவர் அடைந்த துயரத்தை எழுத்தில் அடக்க இயலாது. செய்தது அறம் என்று அவருக்கு ஐயமில்லை. அறம் பசியை ஆற்றவில்லை என்பதும் கண்கூடாக இருந்தது.

பரமசிவன் ஒரு துண்டைத் தின்று, இன்னொன்றைக் குமாரிக்கு நீட்டி, "சொல்லிப் போட்டியளா?" என்று கேட்டான். "நான் சோடாண்ணு சொல்லச் சொன்னேன், கேக்கல்ல."

பொன்னுதாஸ் அவனை நிமிர்ந்து பார்த்தார். "சோடாண்ணு சொல்லதுக்கு, சோடாவே ஊத்தினா என்னலே?"

பரமசிவன் மென்றதை விழுங்கினான். "அதும் பொங்குமே! கடையில கிடக்குது, வேண்டியமட்டும். அட, இதைக் காலையிலே யோசிச்சிருந்தா நான் கியூவில நிண்டு மானம் போயிருக்காதே!"

"போகதுக்கு உனக்கு உண்டுமா?" என்றாள் குமாரி.

மறுநாட் காலையில் பொன்னுதாஸ் தம் வீட்டு முற்றத்திலேயே சருவத்தை வைத்தார். சோடாவோடு சிறிது புளித்த மோரும் சேர்த்தார். ரொட்டி முந்தைய நாளைப்போல் எழவில்லை. வெளுத்து, அடி சற்றுக் கனத்து வந்தது. கப்பலில் இப்படி ஒன்றைப் பரிமாறியிருந்தால் அவர் வெட்கியிருப்பார். துண்டு செய்து கட்டிலருகே கொண்டுவந்தார்.

ஆனந்தபாய் ஒன்றும் கேட்கவில்லை. வாங்கி வாயில் இட்டு மெல்ல மென்றார்.

ராஜபாய்க்குத் தாங்கவில்லை. "அக்கா, உள்ள என்ன இருக்குண்ணு கேக்கல்லியே?"

"கேக்க என்ன இருக்கு? வேண்டாதது எதும் இருந்தா அவரு சொல்லாமெ தந்திருக்கமாட்டாரு, சொல்லித்தான் தந்திருப்பாரு." இன்னொரு துண்டையும் எடுத்துக்கொண்டு, "உப்பு கொஞ்சம் கூடுதலாக்கும்" என்றார். பொன்னுதாஸ் ஆமென்று தலையசைத்தார். கண்ணீர் வழிந்ததை மறைக்க அவர் முயலவில்லை.

சிறிது நேரம் கழித்து ஆனந்தபாய் தங்கையின் பக்கம் திரும்பினார். "ராஜி, அந்தக் குளிகையை எடுத்துட்டு வா. பொடிக்காத. கையில வச்சுக் காட்டு. என்னதுக்குள்ளதுண்ணு சொல்லு. பொறவு தா."

ராஜபாய் ஓடிச்சென்று எடுத்துவந்தார். உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். இது வாந்திக்கு, இது இரத்தத்துக்கு, இது... என்று கட்டிக்குரியதைக் கூறுகையில் குரல் உடைந்தது, ஆயினும் கூறினார். ஆனந்தபாய் ஒவ்வொன்றாக, ரொட்டித் துணுக்கோடு சேர்த்து விழுங்கினார்.

மருந்து ஏற்ற உரிய பலம் அவருக்குக் கூடியது. நோய் முற்றும் நீங்கிற்று என்று எழுதுவது பொய்யாகும்; இந்த வரலாற்றில் பொய்க்கு இடமில்லை. இரண்டு கிறிஸ்துமஸ் காலங்கள் அவர் உடனிருந்தார். அக்காலமெல்லாம் அந்த வீட்டில் எந்தச் செய்தியும் தணிந்த குரலில் பேசப்படவில்லை. மருத்துவர் கூறியது எதுவாயினும், முதலில் அவர் கட்டிலருகேதான் கூறப்பட்டது. ராஜபாய் கொடுத்த கஞ்சியையும் அவர் பின்னர் உண்டார்.

மெய்யையே உணவாய்ப் பரிமாறிய அந்த இல்லம் நெடிது நிலைபெறுக. அங்கே ஒருவர் நீட்டும் கையை மற்றவர் ஐயுறாதிருப்பாராக. அவ்வில்லத்து மக்களும் மக்களின் மக்களும் பிணியின்றி, பசியின்றி, மறைப்பின்றி வாழ, எல்லாம் அறிந்த இறைவன் தன் அருட்கையை அக்கூரையின்மேல் என்றும் வைத்திருப்பானாக.