பட்டாளத்து சாரின் பாம்புக் காது

ராயபுரத்தில் நான் வேலை பார்த்த தொடக்கப் பள்ளிக்கூடத்தை ஒட்டியே துறைமுகத்துக்குப் போகும் ரயில் பாதை. சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த நேரம். கூட்ஸ் வண்டி வந்தால் சுவரே அதிரும். எப்பேர்ப்பட்ட வாத்தியாரும் வாயை மூடிக்கொண்டு கடைசிப் பெட்டி போகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். பிள்ளைகளுக்கு அது தினமும் நாலைந்து தடவை கிடைக்கும் குட்டி விடுமுறை.

நாலாம் வகுப்புக்கு மட்டும் அந்த விடுமுறை கிடையாது. அந்த வகுப்பு சார் பர்மா சண்டையில் பீரங்கிப் படையில் இருந்தவர். ஊர் திரும்பிச் சில காலம் துறைமுகத்தில் மூட்டை தூக்கி, பிறகு பயிற்சி முடித்து எங்கள் பள்ளிக்கு வந்தார். என் வகுப்புக்கும் அவர் வகுப்புக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான். எனக்கு எதிலும் மூக்கை நுழைக்கிற புத்தி; அதற்காக அம்மாவிடம் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். தட்டியில் ஓட்டை இருந்தால் பார்க்காமல் இருப்பேனா?

வண்டி தடதடவென்று போய்க்கொண்டிருக்கும். இவர் பாட்டுக்கு வாய்ப்பாடு சொல்ல வைப்பார். மூன்றாவது வரிசையில் ஒருவன் முணுமுணுப்பாகத் தப்பாகச் சொன்னால், சட்டென்று விரலை நீட்டி அவனை எழுப்பிவிடுவார். தட்டிக்கு இந்தப் பக்கம் என் குரலே எனக்குக் கேட்காது. அவருக்குப் பாம்புக் காது என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பேச்சு.

அவர் வகுப்பில் இன்னொரு சட்டமும் உண்டு. யார் எதைக் கேட்பதானாலும் எழுந்து, அவர் முன்னால் வந்து நின்றுதான் கேட்க வேண்டும். பட்டாளத்துப் பழக்கம் என்று நாங்கள் சிரிப்போம். எனக்கு மட்டும் ஏதோ இடித்தது. பாம்புக் காது உள்ளவருக்கு ஆள் முன்னால் வந்து நிற்பானேன்?

ஒரு நாள் மத்தியானம் சோதித்துப் பார்த்துவிட்டேன். அவர் வாசலுக்கு முதுகு காட்டி, பிள்ளைகளைப் பார்த்து நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். சாப்பாட்டுத் தூக்கைக் கழுவி எடுத்துப் போகிறவள் போல வாசலில் நின்று, பித்தளை மூடியைத் தரையில் போட்டேன். அது விழுந்த சத்தத்துக்கு ஓட்டுக்கூரையில் இருந்த காக்கை பறந்தது. சார் திரும்பவில்லை.

அவருக்குக் காது கேட்கவில்லை. பிள்ளைகளின் உதட்டைப் பார்த்துத்தான் அத்தனையும் நடந்திருக்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போயிற்று. அந்தச் சிலிர்ப்போடு வாயை மூடிக்கொண்டிருந்தால் நல்லவளாக இருந்திருப்பேன். தையல் டீச்சரிடம் சொல்லி, "யாருக்கும் சொல்லாதீங்க" என்றும் சொன்னேன். ஊரெல்லாம் பரவ வேறென்ன வேண்டும்? நாலே நாளில் விஷயம் தலைமையாசிரியர் காதுக்குப் போனது. அடுத்த வாரம் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருகிறார், நாலாம் வகுப்பில்தான் உட்காரப் போகிறார் என்றார்கள். சாருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. செவிடு என்று எழுதிவிட்டால் மறுபடியும் மூட்டைதான். வீட்டில் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள்.

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். சார் கரும்பலகையில் கணக்கு எழுதத் திரும்பியதும், "மாஸ்டர்" என்று கூப்பிட்டார். சாக்பீஸ் நிற்கவில்லை. "மாஸ்டர்!" தட்டிக்கு இந்தப் பக்கம் நான் பாடத்தை விட்டுவிட்டு ஓட்டையில் கண்ணை வைத்திருந்தேன்.

முன் வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். காத்திவாக்கத்து மீன்கார வீட்டுப் பிள்ளை, ராயபுரத்தில் மாமன் வீட்டில் தங்கிப் படித்தவள்.

"சார், எங்க கிளாஸ்ல குந்திகினு கேக்கக் கூடாது சார். முன்னால வந்து நின்னுகினுதான் கேக்கணும். இல்லாங்காட்டி எங்க சாரு பதிலே சொல்ல மாட்டாரு."

இன்ஸ்பெக்டர் முகம் சிவந்து, பிறகு சிரித்துவிட்டார். எழுந்து, பிள்ளைகளோடு பிள்ளையாக முன்னால் போய் நின்றார். சார் கணக்கை எழுதி முடித்துத் திரும்பிப் பார்த்து வணக்கம் சொன்னார். இன்ஸ்பெக்டர் கேள்வியை ஆரம்பிக்கவும் கூட்ஸ் வண்டி வரவும் சரியாக இருந்தது. அந்த இரைச்சலிலேயே சார் பதில் சொன்னார், பிள்ளைகளை வாய்ப்பாடு சொல்ல வைத்தார், தப்புச் சொன்ன ஒருவனை எழுப்பியும் விட்டார்.

வண்டி போனபின் இன்ஸ்பெக்டர் தலைமையாசிரியரிடம் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. "யார் சொன்னது இவருக்குக் காது கேட்காதென்று? எனக்கே ஒன்றும் கேட்கவில்லை ஐயா!"

அந்தப் பெண் தெரிந்து சொன்னாளா, வெகுளியாகச் சொன்னாளா? மறுநாள் கூப்பிட்டுக் கேட்டேன். "இன்னா டீச்சர்?" என்று கண்ணை விரித்துவிட்டு ஓடிவிட்டாள். இன்றுவரை எனக்குத் தெரியாது.

சாருக்கு வேலை நிரந்தரமானது. ஆனால் என் நெஞ்சு ஆறவில்லை. ஒரு சாயங்காலம் பள்ளி விட்டதும் அவரிடம் போனேன். முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு, நான்தான் சொன்னேன், என்னால்தான் இவ்வளவும் வந்தது, மன்னித்துவிடுங்கள் என்று மூச்சு விடாமல் ஒப்பித்து முடித்தேன்.

"டீச்சர்," என்றார் கடைசியில். "கீழ பாத்துகினு சொன்னா எனக்கு எப்படித் தெரியும்? தலையத் தூக்கிச் சொல்லுங்க."

ஒரு முறை சொல்வதற்கே எனக்கு இத்தனை நாள் ஆகியிருந்தது. இப்போது நிமிர்ந்து, அவர் கண்ணைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. அவர் என் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அழுகையில் என் வாய் கோணியபோது, "இன்னொரு வாட்டி" என்றார். சொன்னேன்.

"தெரியும் டீச்சர்," என்றார். "அன்னிக்கு மத்தியானம் நாப்பது புள்ளைங்க மூஞ்சியும் ஒண்ணா என் முதுகுக்குப் பின்னால பாத்துச்சு. திரும்பலாம்னு நெனச்சேன். ஆனா லேட்டா திரும்புனா இன்னும் நல்லா மாட்டிக்குவேனே. முன் வரிசையில ஒரு பொண்ணு, 'டீச்சரோட தூக்கு மூடி'ன்னு பக்கத்துல சொன்னா. அதப் படிச்சிக்கினேன்."

அப்படியானால் அன்றிலிருந்து தினமும் காலையில் எனக்குத் தவறாமல் வணக்கம் சொன்னது, எல்லாம் தெரிந்துதான். அவர் குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பி, நான் பதில் சொல்வது தெரிகிற மாதிரி நின்றுகொண்டு கேட்டார்.

"மூடி நசுங்கிப் போச்சா டீச்சர்?"