செத்துப்போகாத பங்காளி

திருப்பதியில் வேலை கிடைத்ததும் நான் செய்த முதல் காரியம், சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போன் போட்டு, "எப்ப வேணா வாங்க, நம்ம வீடு இருக்குது" என்று சொன்னதுதான். பெருமாளுக்கே பக்கத்து வீட்டுக்காரனாகிவிட்ட பெருமிதம் எனக்கு. நான் சொல்வதை என் சொந்தக்காரர்கள் பொதுவாக நம்புவதில்லை. இதை மட்டும் நம்பினார்கள்.

கல்யாணமாகி ஆறேழு மாதம் இருக்கும். ரேணிகுண்டா பக்கம் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. கல்யாணத்துக்கு முன் என் மனைவி வேலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் இருந்தாள். என்னைக் கட்டிக்கொண்ட ஒரே காரணத்துக்காக அதை விட்டுவிட்டுத் திருப்பதி வந்து, மாடி வீட்டில் மிக்சிக்கும் வாஷிங் மெஷினுக்கும் துணையாக உட்கார்ந்திருந்தாள். சனி, ஞாயிறு வந்தால் ஊர் சுற்றலாம், சந்திரகிரிக் கோட்டை, தலக்கோனா அருவி என்று நான் நீட்டி முழக்கியிருந்தேன்.

நாங்கள் உண்மையில் சுற்றியது அலிபிரிவரைதான். வாரம் தவறாமல் யாராவது வருவார்கள். அவர்களைத் திருமலைப் படிக்கட்டு தொடங்கும் இடத்தில் விட்டுவிட்டு, அவர்கள் மலைக்கு வேண்டாம் என்று விட்டுப்போன செருப்புகளோடும் பைகளோடும் நாங்கள் வீடு திரும்புவோம். ஒரு ஞாயிறு மட்டும் மரத்தடியில் உட்கார்ந்து பொரி தின்றோம். கட்டிய மனைவியோடு நான் கண்ட சுற்றுலா அது.

"நாம இந்த ஊர்ல பார்த்ததெல்லாம் அடுத்தவங்க செருப்புதாங்க" என்றாள் அவள்.

அப்போதுதான் லேப் மேடத்திடமிருந்து போன் வந்தது. அவளுடைய பழைய இடம் காலியாகியிருக்கிறதாம். அந்த வாரக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். போனால் வேலூரில் அம்மா வீட்டில் தங்குவாள், வாரக் கடைசியில் வந்துபோவாள். 'போகாதே' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் வேலையை விட்டதே என்னால்தான். ஆகவே என் அறிவுக்கு எட்டிய வழியில் யோசித்தேன்: அந்த ஞாயிற்றுக்கிழமை தலக்கோனாவைக் காட்டிவிட்டால் மனசு மாறிவிடும். அருவியை நம்பி ஒரு குடும்பத்தை நடத்தப் பார்த்தவன் நான்.

ஞாயிறு காலை பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது குடியாத்தத்துப் பெரியப்பா கூப்பிட்டார்.

"நைனா, காட்பாடில ரயில் ஏறிட்டோம். பெரியம்மா, நான், உங்க அத்த. வந்துக்கினே இருக்கோம். மத்தியானம் உங்கூட்லதான் சாப்பாடு, அப்புறம் மலைக்குப் போய் மொட்ட."

மனைவி படியிறங்கி வந்தாள். காட்டன் சுடிதார், தோளில் தண்ணீர் பாட்டில். என் மூளை அந்த இடத்தில் நின்றுவிட்டது. வாய் மட்டும் ஓடியது.

"பெரியப்பா, வீட்டுக்கு வராதீங்க. தீட்டு. பங்காளி ஒருத்தரு தவறிட்டாரு."

 ரயில் சத்தத்துக்கு மேலே பெரியப்பா கத்தினார்.

"டேய், உனக்குப் பங்காளின்னா எனக்கு யாருடா? யாருடா செத்தது?"

இதை நான் யோசிக்கவில்லை. எனக்குத் தீட்டு என்றால் என் அப்பாவின் கூடப்பிறந்த அண்ணனுக்கும் தீட்டு. அவர் கோயில் வாசலையே மிதிக்க முடியாது. என் வீட்டு மதியச் சாப்பாட்டைத் தடுக்கப் போய், ரயிலில் வரும் மூன்று பேரின் தரிசனத்தையே தடுத்துவிட்டேன். போனில் பெரியம்மாவின் குரல் மேலேறியது: "ஐயோ, எந்தப் பங்காளி? பேர்ணாம்பட்டாரா?" அத்தை ஏற்கெனவே அழ ஆரம்பித்திருந்தாள். எந்தப் பங்காளிக்காக என்று அவளுக்கும் தெரியாது.

"குடுங்க இங்க" என்று மனைவி போனைப் பிடுங்கினாள்.

"மாமா, யாரும் சாவல. பேர்ணாம்பட்டாரு நல்லா இருக்காரு. நாங்க ரெண்டு பேரும் இன்னைக்கி வெளிய போறோம், அத சொல்ல இவருக்குத் தைரியம் இல்ல. சாவி கீழ் வீட்டுல இருக்கும். தோசை மாவு ஃபிரிட்ஜுல. சாப்புட்டுட்டு மலைக்குப் போங்க."

பெரியப்பா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள் சிரித்தாள். "அவர்தான் அப்படி மாமா, என்ன பண்றது" என்று வைத்துவிட்டாள்.

இந்தக் கூத்தில் வெயில் ஏறிவிட்டது. தலக்கோனா போனால் காட்டுக்குள் வேறு நடக்க வேண்டும். "சித்தூர் போலாம்" என்றாள்.

"சித்தூர்ல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. வண்டிய எடுங்க."

காணிப்பாக்கம் பிள்ளையார் கோயில் வளைவு வந்ததும், கோயிலைக் கண்டால் நிற்கும் பழக்கதோஷத்தில் வண்டியை மெதுவாக்கினேன். "நேரா" என்று முதுகில் தட்டினாள். சித்தூரை நெருங்கும்போது மாம்பழக்கூழ் ஆலைகளின் வாசலில் தோத்தாபுரி மாம்பழம் ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக நின்றிருந்தன. "பாத்தியா, என்ன ஒரு இயற்கை" என்றேன். டிரைவர் ஒருவர் டிராக்டருக்கடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். 

பஸ் ஸ்டாண்டு எதிரே போண்டா கடை. மனைவி போண்டாவைத் தொடவில்லை. கடைக்கார அம்மாவிடம் கேட்டாள்.

"அக்கா, வேலூர் பஸ் காலைல இருக்குமா?"

"வேலூருக்கா? போய்க்கினே இருக்கும்மா. இப்பதான் ஒகட்டி போச்சு, அதோ இன்னொண்ணு. யாருக்கு? உனக்கா?"

"எனக்குதான். தெனமும்."

நான் வாயில் வைத்த போண்டாவோடு அவளைப் பார்த்தேன்.

"இங்க வீடு பார்த்தா வேலூர் பக்கம்" என்றாள். "உங்க கம்பெனி பஸ் இங்கேர்ந்தும் வருது, விசாரிச்சேன். உங்களுக்குக் கொஞ்சம் தூரம். காலைல இருட்டோட எழுந்திருக்கணும்."

"நான் உன்ன அருவி பாக்கக் கூட்டிட்டுப் போலாம்னு..."

"அருவி ஒரு நாளுங்க. மீதி ஆறு நாளு நான் என்ன பண்றது?"

 இந்த முறை பங்காளி யாரையும் சாகடித்துத் தப்பிக்க முடியாது. காலையில் நான் எழுந்திருக்கும் லட்சணம் அவளுக்குத் தெரியும்; எனக்கும் தெரியும். ஆனால் சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குத் திரும்புவோம் என்பதை அவளேதான் கணக்குப் போட்டிருந்தாள். அருவியைத் தேடிக்கொண்டிருந்த எனக்கு அது தோன்றவேயில்லை.

அவள் அங்கேயே நின்று மேடத்துக்குப் போன் செய்தாள்.

"மேடம், வரேன். இல்ல மேடம், அம்மா வீட்டுலேர்ந்து இல்ல, சித்தூர்லேர்ந்து. ஆமா, ரெண்டு பேரும்தான்." கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவரா? ஒத்துக்கினாரு மேடம்" என்றாள்.

என்னை யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் மரியாதைக்காக, வாய் நிறைய போண்டாவோடு தலையாட்டினேன்.