துக்க வீட்டில் சொல்லக் கூடாத சொல்

இப்பக்கங்களைக் கையில் எடுத்திருக்கும் ஐயா அவர்களுக்கும் அம்மா அவர்களுக்கும் முதலில் என் வணக்கம். நான் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே பிள்ளைக்காம்பராவில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருக்கும் நேரத்தில் அவர்களுடைய குழந்தைகளை வைத்துப் பராமரிக்கும் இடத்தை நாங்கள் பிள்ளைக்காம்பரா என்று சொல்வோம். பாடசாலைப் படிப்பு எனக்கு ஐந்தாம் வகுப்போடு நின்றது. மீதியைக் கடைச் சாமான் சுற்றி வந்த பத்திரிகைத் தாள்களிலிருந்தும், பிள்ளைகள் உறங்கும் வேளைகளில் வாசித்த புத்தகங்களிலிருந்தும் நானே தேடிக்கொண்டேன். ஆகையால் நடையில் குறை கண்டால் பொறுத்தருள வேண்டும்.

என் கணவர் சிறுநீரக நோயினால் காலமானார். அவருடைய வருடத் திதி வருவதற்கு முன்னரே, முச்சக்கரவண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் ஒரே மகன், மழை பெய்த ஒரு காலையில் மலைப்பாதை வளைவொன்றில் வண்டி கவிழ்ந்து இறந்துபோனான். இதை இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறேன். இதற்கு மேல் எழுத எனக்கு வலு இல்லை. நான் எழுத உத்தேசித்ததும் அதற்குப் பின் நடந்தவற்றையே.

மகனுடைய இறுதிச் சடங்கன்று மரண உதவிச் சங்கத்தார் கூடாரம் போட்டுக் கதிரைகளை அடுக்கினார்கள். பெரிய பாதையிலிருந்து நாங்கள் குடியிருந்த லயம் என்னும் வரிசை வீடுகள் வரைக்கும் வெள்ளைக் கொடி கட்டினார்கள். ஊர் முழுவதும் வந்தது. எங்கள் மக்களிடையே துக்க வீட்டுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. வருகிறவரை வீட்டார் வாருங்கள் என்று அழைப்பதில்லை. போகிறவர் போய்விட்டு வருகிறேன் என்று சொல்வதும் இல்லை. துக்கம் மறுபடியும் அந்த வாசலுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக முன்னோர் ஏற்படுத்திய வழக்கம் அது. நானும் எத்தனையோ வீடுகளில் அப்படித்தான் தலையைக் குனிந்துகொண்டு சொல்லாமல் எழுந்து வந்திருக்கிறேன். உள்ளே உட்கார்ந்திருப்பவளுக்கு அது எப்படி இருக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. உடலை அடக்கம் செய்ய மலைக்குக் கொண்டுபோன பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். கதிரை நகரும் ஓசை கேட்கும். நிமிர்ந்து பார்த்தால் அங்கே ஆள் இருக்காது.

அப்போதுதான் கடைத்தெருவில் சில்லறைக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெண்மணி என் அருகில் வந்து குனிந்தாள். என் மகன் அவள் கடைக்கு எதிரேதான் வண்டியை நிறுத்துவான். அவளைத் தாத்தா என்று அழைப்பான். அவர்கள் வழக்கில் அது அக்காவைக் குறிக்கும் சொல். அவள் என் கையைப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "அக்கா, நான் போய்ட்டு வாறேன்" என்றாள்.

கூடாரத்தில் பேச்சு நின்றுவிட்டது. என் கணவரின் அக்கா, அதாவது என் மதினி, வத்தேகமயிலிருந்து வந்து எல்லாவற்றையும் முன்னின்று நடத்திக்கொண்டிருந்தவர், விறுக்கென்று எழுந்தார்.

"என்னாம்மா கடக்காரம்மா, எழவு வீட்டுல வந்து பேசுற பேச்சா இது? வாறேன்னு சொல்றியே, இன்னொன்னு விழணும்னா?"

அவள் திகைத்துப்போனாள். "ஐயோ, அப்படி நெனச்சி சொல்லல்ல. எங்கட ஊட்டுல இதெல்லாம் பார்க்கிறல்ல. வாய் தவறிட்டு."

"தவறுற வாய வீட்டுல வச்சிட்டு வந்திருக்கணும்!"

அவள் முகம் சிவந்துவிட்டது. குடையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினாள். பிறகு என்ன நினைத்தாளோ, திரும்பி, "சொன்னது சொன்னதுதான் அக்கா. வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மதினி மஞ்சள் நீர் கரைத்துக்கொண்டு வந்து வாசலைக் கழுவினார். நான் சுவரில் சாய்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் இனி விழுவதற்கு நான் ஒருத்திதான் மிச்சம். ஆகவே எனக்கு அச்சம் ஏற்படவில்லை. உண்மையைச் சொன்னால், அன்று முழுவதும் என் காதில் ஒட்டிய சொல் அது ஒன்றுதான்.

கருமாதி முடிந்த மறுநாள் மதினி ஊருக்குப் புறப்பட்டார். வீட்டைத் தோட்ட நிர்வாகத்திடம் ஒப்படைத்துவிட்டு நானும் அவருடன் வத்தேகமயில் இருந்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. "ஒரு மூலையில நீ பாட்டுக்கு இரு புள்ள, ஒனக்கு ஒரு வாய் சோறு போடாமலா போயிருவோம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கும் அப்போது வேண்டியிருந்தது ஒரு மூலைதான். அந்த மூலையில் போய்ச் சுருண்டுகொண்டால் மறுபடி எழுந்திருக்க வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். சாமிப் படங்களைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். மகனுடைய சட்டைகளை ஒரு பையில் கட்டினேன். சாமான்களை ஒழுங்கு செய்துவிட்டுச் சில நாட்களில் வருவதாக மதினியிடம் சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை, பள்ளிவாசல் தொழுகைக்காகக் கடைகள் மூடியிருக்கும் நண்பகலில், கடைக்காரப் பெண்மணி மூச்சு வாங்க மேட்டில் ஏறி வந்தாள். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. கதவோரம் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"சாயத்தண்ணி ஒன்னு ஊத்துங்களேன் அக்கா. இந்த மேட்ட ஏறி வந்தவளுக்கு அதுகூட இல்லியா?"

"அடுப்பு பத்த வக்கல தங்கச்சி."

"எப்ப இருந்து?"

அதுவரை அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுத்ததைத்தான் தின்றுகொண்டிருந்தேன். அவளே எழுந்து விறகு தேடினாள். விறகு நனைந்திருந்தது. இருவரும் மாறி மாறி ஊதினோம். புகை எழுந்து இருவர் கண்களும் கலங்கின. "அழுறதுக்கு இத விட நல்ல சாட்டு கெடைக்காது, நல்லா ஊதுங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டு நானே பயந்துபோனேன். பால் கலக்காத தேநீரான அந்தச் சாயத்தை ஊற்றிக் கொடுத்தேன். எங்கள் வழக்கப்படி அவள் உள்ளங்கையில் சீனியைக் கொட்டினேன். அவள் அதை நாக்கால் தொட்டுத் தொட்டுக் குடித்து முடித்தாள். எழுந்தபோது வாசலில் நின்று, கொஞ்சமும் தயங்காமல், "போய்ட்டு வாறேன் அக்கா, அடுத்த வெள்ளிக்கி" என்றாள்.

அவள் வருவதாகச் சொல்லிவிட்டபடியால் நான் அந்த வாரம் புறப்பட முடியாமல் போயிற்று. மேடேறி வருகிறவள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாதல்லவா. மறு வாரமும் அதே கதை. மதினி தொலைபேசியில் கேட்டார்:

"என்னா புள்ள, எப்ப வர்ற?"

"வெள்ளிக்கெழம ஆள் வருது மதினி. அது முடிஞ்சதும் வாறேன்."

"எந்த வெள்ளி? போன மாசமும் இதத்தானே சொன்ன?"

"இது வேற வெள்ளி மதினி."

"அந்தக் கடக்காரியா? வாசலக் கழுவியும் போகலியே அவ!"

ஒரு வெள்ளிக்கிழமை நான் அவளிடம் வாய்விட்டுக் கேட்டேன். கோயிலுக்குக் காவடி எடுத்த குடும்பம் நாங்கள். ஒரு நாளும் விளக்கு ஏற்றாமல் இருந்ததில்லை. எங்களுக்கு ஏன் இப்படி என்று கேட்டேன். ஏதாவது ஒரு விளக்கம் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"தெரியாது அக்கா. எங்கட உம்மா மௌத்தாகிக் கண்ண மூடின நேரம் நானும் இதத்தான் கேட்டேன். இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இரிக்கிறேன். ஆனா தொழுறத மட்டும் விடல்ல. விட்டா, கேட்கிறதுக்கும் ஆள் இல்லாமப் போய்ரும்தானே?"

அன்று அவள் போன பிறகு, அவளுடைய வருகை என்னை ஏன் இப்படிப் பிடித்து நிறுத்துகிறது என்று எண்ணிப் பார்த்தேன். அதற்குரிய விடை என்னுடைய வேலையிலேயே இருந்தது. பிள்ளைக்காம்பராவுக்குப் புதிதாக வரும் தாய்மார், குழந்தை அழுமே என்று அஞ்சி, அது விளையாடிக்கொண்டிருக்கும்போது பின்பக்கமாக நழுவிவிடுவார்கள். நான் விடமாட்டேன். "சொல்லிட்டுப் போ. அம்மா மலைக்குப் போயிட்டு வாறேன்னு மூஞ்சியப் பார்த்துச் சொல்லு" என்று கண்டிப்பேன். சொல்லப்பட்ட பிள்ளை அலறும். சற்று நேரத்தில் ஓய்ந்து விளையாடப் போகும். சொல்லப்படாத பிள்ளையோ அழுவதுகூட இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பால் கொடுத்தாலும் குடிக்காது, தொட்டிலில் போட்டாலும் உறங்காது. இதைப் பல காலமாகக் கண்ணால் கண்டவள் நான். என் கணவரும் மகனும் சொல்லாமல் போனார்கள். துக்கத்துக்கு வந்தவர்களும் சொல்லாமல் போனார்கள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை அந்த வீட்டில் நான்தான். அவள் ஒருத்தி வந்து முகத்தைப் பார்த்துச் சொன்னாள். சொன்னபடி வந்தாள். அதனால் எனக்குப் பசித்தது.

இவ்வாறு மாதங்கள் கடந்தன. நான் வத்தேகமவுக்குக் குடிபோகவில்லை. ஆனால் போக வேண்டிய நாள் ஒன்று வந்தது. மதினியின் கணவர், வத்தேகமச் சந்தையில் மரக்கறி விற்றுக்கொண்டிருந்தவர், நெஞ்சுவலியால் திடீரென்று காலமாகிவிட்டார். செய்தி கேட்டதும் கண்டிக்கு பஸ் ஏறி, குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி, வத்தேகம பஸ் நிற்கும் இடத்தைத் தேடி ஓடினேன். என் வீட்டில் நடந்தவையெல்லாம் அங்கேயும் அதே ஒழுங்கில் நடந்தன. கூடாரம், வெள்ளைக் கொடி, தலை குனிந்து எழுந்து போகும் மனிதர்கள். மதினி சுவரில் சாய்ந்திருந்தார். அவ்வளவு உரத்த குரல் உள்ளவர், அன்று கதிரை நகரும் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பார்ப்பதும் பிறகு தலையைத் தொங்கப்போடுவதுமாக இருந்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும்.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நான் எழுந்தேன். அந்தச் சொல்லுக்காக வாசலைக் கழுவியவர் அவர். சுற்றிலும் உறவினர்கள். நாளைக்கு அந்த வீட்டில் ஒரு தலைவலி வந்தாலும் என் வாயைத்தான் குறை சொல்வார்கள். சொல்லாமல் போவது எளிது. என்னை ஒருவரும் தவறாக நினைக்கவும் மாட்டார்கள். ஆனால் மதினி அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாரே என்று மனம் கேட்கவில்லை. அருகில் போய்க் குனிந்தேன். ஊரார் வழக்கத்துக்கு மரியாதையாக, அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி, "மதினி, நான் போயிட்டு வாறேன்" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் சேலைத் தலைப்பைச் சற்று நேரம் பிடித்திருந்துவிட்டு விட்டுவிட்டார்.

கருமாதிக்குப் போய் மற்றவர்களோடு திரும்பிவிட்டேன். அதற்கு அடுத்த வாரம், உறவுக்கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, தனியே போனேன். வழி நெடுக, கதவைத் திறப்பாரோ திட்டுவாரோ என்ற எண்ணந்தான். திருப்பத்தில் திரும்பியபோது அவர் வீட்டுக் கூரைமேல் புகை தெரிந்தது. மதினி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னா புள்ள, இவ்வளவு நேரம்? பஸ் கெடைக்கலியா? ரொட்டி ஆறிப் போச்சு."

"நான் இன்னைக்கு வாறேன்னு ஒங்களுக்கு யார் சொன்னா மதினி?"

"நீதானே சொன்ன, வாறேன்னு. என்னைக்கின்னு சொல்லல. அதான் தெனமும் ஒனக்கும் சேத்துத் தட்டி வச்சி, நானே ரெண்டு பேர் ரொட்டியையும் தின்னுக்கிட்டு இருக்கேன்."

இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து, ஆறிய ரொட்டியைத் தேங்காய்ச் சம்பலோடு தின்றோம். பாதியில் அவர் அழுதார். பிறகு, "அந்தக் கடக்காரம்மாவ நான் அன்னைக்கி ரொம்பப் பேசிட்டேன், என்னா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஒருநாளைக்கி கூட்டிக்கிட்டு வா" என்றார்.

அன்று வீடு திரும்பியதும் அலுமாரியைத் திறந்து மாரியம்மன் படத்தை எடுத்துத் துடைத்து, பழைய ஆணியிலேயே மாட்டினேன். விளக்கேற்றினேன். என் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதென்று இதை வாசிப்பவர்கள் எண்ண வேண்டாம், இன்னும் கிடைக்கவில்லை. அம்மனிடம் சொல்லிக்கொள்ளாமல் போயிருந்தேன், திரும்பி வந்தேன். என் பக்தியைப் பற்றி நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

மதினி கேட்டபடியே கடைக்காரப் பெண்மணியை ஒருநாள் அவரிடம் அழைத்துப்போனேன். இப்போது நாங்கள் மூவரும் இதை ஒரு வேலையாகவே செய்துவருகிறோம். தெல்தோட்டை லயங்களிலோ, வத்தேகமப் பக்கத்திலோ ஒரு வீட்டில் சாவு விழுந்தால், கூட்டம் இருக்கும் நாட்களில் எங்களுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. கருமாதி முடிந்து, கதிரைகள் திரும்பிப் போய், வெள்ளைக் கொடிகள் மழையில் நைந்து தொங்கும் நாட்கள்தான் எங்களுடையவை. போய் உட்கார்ந்து சாயத்தண்ணி கேட்போம். அந்த வீட்டார் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கும்வரை நகரமாட்டோம். மதினிக்கு இப்போதும் வாய் அடங்குவதில்லை. "சீனி போதாது" என்று துக்க வீட்டிலேயே குறை சொல்லுவார். ஆச்சரியம் என்னவென்றால், அதைக் கேட்டுத்தான் பலர் முதன்முதலாகச் சிரித்திருக்கிறார்கள். மகனுடைய சட்டைகளைப் பையிலிருந்து எடுத்து, வீடு வீடாகக் கொடுத்துவிட்டேன். பாதையில் எப்போதாவது அவனுடைய கட்டம் போட்ட சட்டை ஒன்று எதிரே வருகிறது. நின்று பார்த்துவிட்டு நடப்பேன்.

எங்கள் வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஊர்கூடிய இடத்தில் வாய் திறக்காமல் எழுந்துவருவது பெரியோர் காட்டிய மரியாதை. அதை நானும் கடைப்பிடிக்கிறேன். உட்கார்ந்திருப்பவருடைய காதில் மட்டும் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு, பின்னர் அதைக் காப்பாற்ற வேண்டும் என்பதே என் பணிவான அபிப்பிராயம்.

எனக்கு வயதாகிவிட்டது. மேடு இறங்கினால் ஏறுவது சிரமமாக இருக்கிறது. இதையெல்லாம் வாயால் சொல்லி வைத்தால் என்னோடு போய்விடும் என்பதால் எழுதினேன். ஐயா, அம்மா, இந்தப் பக்கங்களைத் தயவுசெய்து எறிந்துவிடாமல் ஓரிடத்தில் பத்திரமாக வைத்திருங்கள்.