மானிட்டர் வாங்க நூல் கேட்ட அண்ணாச்சி

வேலுச்சாமி அண்ணாச்சி போய்விட்டார்.

இன்று விடியற்காலை... நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

சங்கரன்கோவில்காரர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காக... பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கீழே கடை, மாடியில் வீடு. கம்ப்யூட்டர் மானிட்டர் மட்டும்தான் விற்பார். பிரிண்டர், கீபோர்டு கேட்டு வந்தால் எதிர்க்கடையைக் காட்டிவிடுவார். “பாக்குதது மட்டுந்தான் நம்ம டிபார்ட்மெண்ட்டு.”

அவர் கடைக்குப் போகிறவர் கையில் ஒரு நூல் இருக்க வேண்டும். வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணிலிருந்து மேஜையில் திரை நிற்கப்போகும் இடம் வரை நூல் பிடித்து வெட்டிக்கொண்டு போக வேண்டும். அதே தூரத்தில் கடையில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டுத்தான் எத்தனை இன்ச் என்று சொல்வார்.

நூல் இல்லாமல் வந்தவரை டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்புவார். தெருவுக்குத் தெரு தறி ஓடுகிற ஊரில் நூல் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

புளியங்குடி எலுமிச்சை வியாபாரி ஒருவர் வர நேரமில்லாமல் கண்டக்டரிடம் நூலைக் கொடுத்தனுப்பினார். கண்டக்டர் அதைத் திருநீறு மாதிரிக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அளந்து முடிந்ததும் பேர் எழுதிய சீட்டை நூலில் கட்டி, சுவரில் ஆணியில் மாட்டிவிடுவார். அடுத்த மானிட்டருக்கு மறுபடி அளக்க வேண்டாம் அல்லவா.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின வாரம், நானும் நூலோடு போனேன்.

விளையாட்டுக்கா, படத்துக்கா என்று கேட்டார். ரெண்டுக்கும் என்றேன்.

“ரெண்டும்னு சொல்லுதவன் ஒரு மாசம் கார் ஓட்டுவான். பெறவு படம் பாத்துக்கிட்டே தூங்குவான். படம்னே வச்சுக்கிடுவோம் வே.”

படம் என்றால் கறுப்பு கறுப்பாகத் தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி. திரையை முழுக்கக் கறுப்பாக்கிவிட்டு, ஒரு கம்பளிப் போர்வையை எங்கள் இருவர் தலைக்கும் மேலே போட்டார். மூலையில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்க...

எதுவும் ஓடாத திரையை வளர்ந்த ஆண்கள் இருவர் போர்வைக்குள்ளிருந்து பத்து நிமிஷம் பார்த்தோம். கடைக்கு வந்த ஒருவர் சத்தம் போடாமல் திரும்பிப் போய்விட்டார்.

தன் கடைச் சரக்கில் நாலு மானிட்டரை அவரே கழித்தார். “இதெல்லாம் சாம்பல்.” ஐந்தாவதில்தான் நிமிர்ந்தார். “இது கறுப்பு.”

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அதே மாடலை ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். ஆடித் தள்ளுபடி.

ஆறு மாசத்தில் தொந்தரவு ஆரம்பித்தது. நான் நாற்காலியைவிட்டு எழுந்தால் திரை ரெண்டு செகண்ட் அணைந்து வரும். உட்கார்ந்தாலும் அப்படியே. நாற்காலிக்குச் சுற்றிப்போடலாம் என்றாள் மனைவி. ஆன்லைன் கம்பெனிக்காரர்கள் போனில், ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னார்கள். மானிட்டர் அதைத்தான் தானாகவே செய்துகொண்டிருந்தது.

வேறு வழியில்லை... அண்ணாச்சியிடம் போனேன். துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்தான் என்று சொன்னேன்.

“அதே மாடலா?”

“அதே மாடல் அண்ணாச்சி.”

“நல்ல மச்சான்” என்றார்.

வீட்டுக்கே வந்தார். என்னை எழச் சொன்னார், உட்காரச் சொன்னார், மறுபடி எழச் சொன்னார். பதினைந்து தடவை. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் போட்ட முதல் தோப்புக்கரணம். நாலாவது தடவையே அவருக்குக் கோளாறு பிடிபட்டிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

எழுந்து உட்காரும்போது நாற்காலியில் உண்டாகிற லேசான கரண்ட், வயர் மெலிசாக இருந்தால் உள்ளே புகுந்துவிடுமாம். பையிலிருந்து தடித்த கேபிள் ஒன்றை எடுத்து மாட்டினார். அதோடு சரி.

போகிற போக்கில் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தார். நூற்று நாற்பத்துநாலு ஹெர்ட்ஸ் மானிட்டரை ஆறு மாசமாக அறுபதிலேயே ஓட்டியிருக்கிறேன். அதன் வேகத்தை வியந்து நான் இங்கே எழுதிய பதிவுக்கு லைக் போட்டவர்கள் இப்போது எடுத்துவிடலாம்.

பிறகு, மாடல் நம்பர் பார்க்க வேண்டும், பெட்டி இருக்கிறதா என்று கேட்டார். பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் படித்தார். அவரே திரும்ப ஏற்றி வைத்தார்.

அவர் போன பிறகுதான் கவனித்தேன். பெட்டி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அந்தப் பக்கத்தில் கூரியர் ஸ்டிக்கர். என் பேர், என் தெரு, சங்கரன்கோவில்.

படித்தாரா, இல்லையா... அதற்குப் பிறகு எத்தனையோ தடவை பார்த்துக்கொண்டோம். மச்சானுக்குத் துபாயில் ஒரு கம்பெனி, ஒரு ஃபிளாட், ரெண்டு பிள்ளைகள் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அண்ணாச்சி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நானாகச் சொல்லிவிடலாம் என்று ரெண்டு மூன்று முறை கடைவாசல் வரை போனேன். டீ குடித்துவிட்டு வந்தேன்.

இன்று காலை துக்கம் கேட்கப் போயிருந்தேன். வந்தவர்கள் உட்கார நாற்காலி பத்தவில்லை. கடைக்குள் நாலு கிடக்கு, எடுத்துப் போடுங்க என்று அண்ணாச்சியின் மனைவி, எங்கள் மதினி, சாவியைக் கொடுத்தார்கள்.

ஷட்டரைத் தூக்கினேன். ஆணி நிறைய நூல்கள்.

என்னுடையதும் இருந்தது. அங்கே மானிட்டர் வாங்காதவனின் நூலை இத்தனை நாள் வைத்திருக்கிறார். சீட்டில் என் பேர். “27 இன்ச். படம்.”

அதற்குக் கீழே வேறு பேனாவில்... “துபாய் மச்சான். கேக்க வேண்டாம்.”

நாற்காலிகளை எடுத்துக்கொண்டு வெளியே வரக் கொஞ்சம் நேரமாகிவிட்டது.

நாளை காலை பத்து மணிக்கு எடுக்கிறார்கள். அவரிடம் மானிட்டர் வாங்கியவர்கள் வாருங்கள். வாங்காதவர்களும்.

அண்ணாச்சி... எனக்குத் துபாயில் மச்சான் கிடையாது.

போய்ட்டு வாங்க.